பிச்சாவரத்தில் விறகு வெட்டிய கதை



பிச்சாவரத்தில் படகில் போய் எடுத்த படங்களைப் பலரும் அனுப்பியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அந்தக் காட்டுக்கு ஒரு பழைய காயம் உண்டு.

கேஸ் அடுப்பு வராத காலத்தில் விறகுதான் எரிபொருள். வெள்ளைக்காரர் காலத்தில் அரசு இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டியது. தானாக மறுபடி முளைத்துவிடும் என்பது கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும், 1970கள் வரை, இதேதான் நடந்தது. ஆனால் நிழல் இழந்த சேறு வெயிலில் காய்ந்து பள்ளமாகத் தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் தேங்கி, உப்பு மிகுந்தது. கன்றுகள் முளைக்கவில்லை. மரம் போன இடத்தில் நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் ஒதுங்க இடமில்லை.

1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் போல வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் வந்து போக வழி செய்தன. பிறகுதான் நட்ட கன்றுகள் பிழைத்தன.

2004 சுனாமியில் நம் தேவனாம்பட்டினம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதே நாளில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அலை வேகம் தணிந்தே வந்தது.

நம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த விறகுக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.