பெட்டியில் வந்த பழமரங்கள்

வடசென்னையில் ராயபுரமானாலும் திருவொற்றியூரானாலும், கொல்லையில் கொஞ்சம் மண் இருக்கிற வீட்டில் பெரும்பாலும் ஒரு பப்பாளி மரம் நிற்கும். யாரும் நட்டிருக்க மாட்டார்கள். காக்கை போட்ட விதையில் தானாக முளைத்திருக்கும். அதனாலேயே பப்பாளி நம் மண்ணின் மரம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. கொய்யா, சீத்தா, சப்போட்டா, முந்திரி, அன்னாசி எல்லாமே கடல் கடந்து வந்தவைதான்.

இவை எப்படி வந்தன? யார் கேட்டு வாங்கினார்கள்? கேட்டதோடு சேர்த்துக் கேட்காத எவையெல்லாம் வந்தன? சென்னைக் கடற்கரையின் வரலாற்றில் இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடைகள் இருக்கின்றன.

பெயரில் ஒரு குழப்பம்

பப்பாளியை ஸ்பானியர்கள் அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்து மலாக்கா வழியாக அது இந்தியா வந்தது. டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் 16-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வழியைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆங்கிலம் பேசும் பல நாடுகளில் பப்பாளிக்கு 'பாபா' என்றும் பெயர் உண்டு. ஆனால் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் 'பாபா' என்றால் வேறு மரம்! அசிமினா ட்ரைலோபா என்ற அந்த மரம் நம் சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கினால்தான் அது மறுபடி துளிர்க்கும். சென்னை வெயிலில் அதற்கு வேலை இல்லை.

பட்டியலைப் பார்த்துத் தபாலில் செடி வாங்குபவர்களுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் பழைய தலைவலி. 1753-ல் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல் கொண்ட பெயர் தந்தார். அதன் பிறகுதான் லண்டனில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே செடியைக் குறித்துச் சந்தேகமின்றிக் கடிதம் எழுத முடிந்தது.

அலை தாண்டி வந்த செடிகள்

அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். பலகைகளை ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. பல மாதம் உப்புக் காற்றில் வாடிய செடி, கடைசியில் இந்த அலையில் நனைந்து சாவதும் உண்டு.

கப்பலிலும் செடிக்கு மரியாதை இல்லை. குடிநீருக்கே பஞ்சமான இடத்தில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? 1789-ல் 'பவுண்டி' என்ற கப்பல் தாகித்தீவிலிருந்து 1015 ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வழியில் மாலுமிகள் கலகம் செய்து தலைவரைப் படகில் இறக்கிவிட்டார்கள். கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள்.

கள்ளித்தோட்டத்தின் கதை

அதே 1789-ல் சென்னையில் இன்னொரு முயற்சி தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித்தோட்டம் போட்டார். காரணம் ஒரு பூச்சி! மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியில் வாழும் காக்சினீல் என்ற பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கப்பட்டது. அந்த வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. அதைச் சென்னையிலேயே வளர்க்கலாம் என்பது ஆண்டர்சனின் கனவு.

அவர் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கியூ தோட்டத்திலிருந்து கள்ளி வந்தது. ஆனால் பூச்சி வரவில்லை. 1795-ல் நீல்சன் என்ற படை அதிகாரி பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கள்ளியோடு பூச்சிகளைக் கல்கத்தாவிற்குக் கொண்டு வந்தார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் வந்தது உயர்ந்த சாயப் பூச்சி அல்ல, அதன் காட்டு இனம். சாயம் மட்டமாக இருந்தது. அந்தப் பூச்சியோ நாட்டில் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது!

ஒன்றைக் கேட்டு இன்னொன்று வந்த கதை இது. சாயத் தொழில் தோற்றது. ஆனால் பூச்சியைக் கொண்டு களையை ஒழிக்கலாம் என்ற பாடம் கிடைத்தது. சுமார் 130 ஆண்டு கழித்து அந்தப் பாடம் பயன்பட்டது. தென்னிந்தியாவில் வேறொரு இனச் சப்பாத்திக்கள்ளி நிலங்களை அடைத்துக்கொண்டபோது, 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு காக்சினீல் இனத்தை வரவழைத்து விட்டார்கள். கள்ளி அழிந்தது.

கண்ணாடிப் பெட்டி

செடிப் பயணத்தை மாற்றியவர் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு. 1829-ல் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து வளர்வதை அவர் கவனித்தார். உள்ளே ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே திரும்புகிறது. தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. உப்புக்காற்றும் உள்ளே போகாது. 1833-ல் இப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகள் லண்டனிலிருந்து சிட்னிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன.

அதன் பிறகு செடி வணிகம் சூடு பிடித்தது. சீனத்துத் தேயிலை இமயமலை அடிவாரத்திற்கும், தென் அமெரிக்கச் சின்கோனா நீலகிரிக்கும் வந்ததில் இந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பெட்டிக்குள் செடி மட்டுமா இருந்தது? மண் இருந்தது. மண்ணில் புழு, முட்டை, பூஞ்சை எல்லாம் இருந்தன. முன்பு நெடும்பயணத்தில் செடியோடு சேர்ந்து பூச்சியும் செத்துவிடும். இப்போது நீராவிக் கப்பலில், கண்ணாடிப் பெட்டியில், இரண்டும் சுகமாகப் பயணம் செய்தன! 1860-களில் அமெரிக்கத் திராட்சைச் செடிகளோடு பிரான்சுக்குப் போன பிலாக்சிரா என்ற வேர்ப்பூச்சி அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. கடைசியில் அமெரிக்க வேர்ச்செடி மீது பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக் கட்டித்தான் தப்பினார்கள். நோயும் மருந்தும் ஒரே நாட்டிலிருந்து வந்தன. இதற்காக 1878-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன.

ராயபுரத்தில் ஏறிய பார்சல்

சென்னையில் 1835-ல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. கதீட்ரல் சாலையில் அதன் தோட்டம் இருந்தது. வெளிநாட்டு விதைகளையும் செடிகளையும் வரவழைத்து வளர்த்து வினியோகிப்பது அதன் முக்கியமான பணி. ஆனால் உள்ளூர்களுக்கு எப்படி அனுப்புவது? மாட்டு வண்டியில் ஒரு கன்று சேலம் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும்.

விடை ராயபுரத்தில் பிறந்தது. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சில ஆண்டுகளில் பாதை மேற்குக் கடற்கரையைத் தொட்டது. 1873-ல் மேட்டுப்பாளையத்திற்கும் ரயில் வந்தது. கப்பலில் வந்த கன்று சில நாட்களில் மலையடிவாரத்தை அடையும் காலம் வந்தது. மேட்டுப்பாளையம் - குன்னூர் வழியில் உள்ள பர்லியார், கல்லாறு பழப்பண்ணைகளில் மலேயாப் பகுதியின் மங்குஸ்தான் காய்த்தது. இன்றும் அங்கே காய்க்கிறது.

1877-ல் அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டு வந்தது. பார்சல் கைக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். முன்பின் தெரியாத கடைக்காரரை நம்பி முன்பணம் அனுப்ப வேண்டியதில்லை. கடைக்காரருக்கும் பணம் வருமா என்ற பயமில்லை. பூனாவில் 1884-ல் தொடங்கிய போச்சா நிறுவனம் போன்ற விதைக்கடைகளின் விலைப்பட்டியல்கள் தபாலில் நாடெங்கும் போயின. பெரிய மனிதர்களின் பொழுதுபோக்காக இருந்த செடி வாங்குதல், ஒரு பள்ளி ஆசிரியரும் செய்யக்கூடிய காரியமாக ஆனது இப்படித்தான்.

துறைமுகத்தில் ஒரு காவல்

செடி வருவது எளிதாக எளிதாக ஆபத்தும் வளர்ந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் அழித்ததைத் தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் கண்ணால் கண்டவர்கள். கடைசியில் 1914-ல் இந்திய அரசு அழிவுப் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன்கீழ் வந்த விதிகளின்படி வெளிநாட்டுச் செடிகள் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம். சென்னையும் தனுஷ்கோடியும் அவற்றில் அடங்கும். வந்த செடிக்கு நச்சுப்புகை போட்ட பிறகே வெளியே விடுவார்கள்.

இன்று இதே சட்டத்தின்கீழ் 2003-ம் ஆண்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு கன்றோ விதையோ வாங்க வேண்டுமானால் இறக்குமதி அனுமதி வேண்டும். அனுப்பும் நாட்டின் செடிநலச் சான்றிதழும் வேண்டும். சரக்கை அடைத்துவரும் மரச்சட்டத்திற்கும் சூடேற்றியோ புகைபோட்டோ முத்திரை குத்தவேண்டும். ஒரு கன்றுக்கு இத்தனை காகிதமா என்று கேட்பவர்களுக்கு 2008-ல் நடந்தது பதில் சொல்லும்.

பப்பாளியைத் தேடி வந்த பூச்சி

அந்த ஆண்டு கோவைப் பகுதியில் பப்பாளி மரங்கள் மாவு பூசியது போல வெளுத்தன. இலை சுருண்டது, காய் உதிர்ந்தது, மரம் பட்டுப்போனது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சிதான் காரணம். பப்பாளி வந்து நானூறு ஆண்டு கழித்து அதன் பழைய எதிரியும் தேடி வந்துவிட்டது! மல்பெரி, மரவள்ளி, பருத்தி எதையும் அது விடவில்லை. பட்டு வளர்ப்பவர்கள் இலையில்லாமல் தவித்தார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. அடிக்க அடிக்கச் செலவுதான் கூடியது.

வெளியிலிருந்து வந்த பூச்சிக்கு இங்கே எதிரி இல்லை என்பதே உண்மையான சிக்கல். அந்த எதிரியையும் வரவழைப்பது என்று முடிவானது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகள் பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சியியல் நிறுவனத்திற்கு வந்தன. முதலில் தனிமைப்படுத்தி, மற்ற உயிர்களைத் தாக்காது என்று சோதித்தார்கள். பிறகு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் உதவியோடு பெருக்கி வயலில் விட்டார்கள். அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்றது. ஓராண்டிற்குள் நிலைமை மாறியது. மரங்கள் மறுபடி காய்த்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டர்சன் தேடிய காக்சினீலும் இந்த மாவுப்பூச்சியும் நெருங்கிய உறவுக்காரப் பூச்சிகள். ஒன்றை வரவழைக்க எத்தனையோ கடிதங்கள் எழுதினார்கள். மற்றது கடிதமே இல்லாமல் வந்தது.

இன்று எண்ணூரில்

கேட்காமல் வரும் விருந்தாளிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, இறால் வளரும் சேற்றை மூடிவிட்டது. மீனவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். கப்பல்களின் நிலைப்பு நீரோடு அது வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. யாரும் அதை வாங்கவில்லை. ஆனால் விலை கொடுப்பவர்கள் எண்ணூர் மீனவர்கள்.

இப்போது செடி வாங்கக் கடிதம்கூட எழுத வேண்டாம். கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் போதும். 2020-ல் பல நாடுகளில் யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தபோது இந்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. உள்ளூர் நாற்றுப்பண்ணையில் வாங்கும் கன்றுக்கும் ஒரு பார்வை தேவை. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும், புதுக் கன்றைச் சில வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வைப்பதும் செலவில்லாத காவல்.

பழமரம் வாங்கும் ஆசை தவறானது அல்ல. அந்த ஆசை இல்லாவிட்டால் ராயபுரத்துக் கொல்லையில் பப்பாளியும் இல்லை, கொய்யாவும் இல்லை. ஆனால் செடிப் பெட்டி எதுவும் காலியாக இருந்ததில்லை. பட்டியலில் எழுதியிருப்பது பாதிதான். மீதியைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் மண்ணில் வைப்பதற்கு முன்பு.