பாவலர் சகோதரர்கள்

பாவலர் சகோதரர்கள் என்பது தமிழ்நாட்டின் இன்றைய தேனி மாவட்டத்திலுள்ள பண்ணைப்புரத்தைச் சேர்ந்த உடன்பிறந்தோர் நடத்திய மேடை இசைக்குழுவாகும். பாவலர் வரதராசன், ஆர். டி. பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோர் இதில் பங்கேற்றனர்.

தோற்றமும் மேடை வாழ்வும்

குழுவின் நிறுவனர் மூத்தவரான வரதராசன். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில், மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளில் அரசியல் கருத்துகளை அமைத்துப் பாடுவது இவரது வழக்கம். 1958 இல் கேரளத்தின் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலில், தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே இவர் பாடிப் பரப்புரை செய்தார். அத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார்.

இளையராஜா பதின்ம வயதில் குழுவில் சேர்ந்தார். தொடக்கத்தில் பெண் குரலில் பாடிய அவர், குரல் மாறியபின் ஆர்மோனியம் வாசித்தார். நேருவின் மறைவையொட்டிக் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இக்காலத்திலேயே இசையமைத்தார்.

சென்னை வாழ்க்கை

1960களின் இறுதியில் இளைய சகோதரர்கள் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை பயின்றார், பின்னர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் மூவரும் பங்கேற்றனர். 1976 இல் வெளியான அன்னக்கிளி இளையராஜாவைப் புகழ்பெறச் செய்தது. தம்பியரை மேடையேற்றிய வரதராசன் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

பிற்காலம்

திரையுலகில் சகோதரர்கள் தனித்தனித் துறைகளில் இயங்கினர். பாஸ்கர் பாவலர் கிரியேஷன்ஸ் சார்பில் அலைகள் ஓய்வதில்லை (1981) படத்தைத் தயாரித்தார். மூத்தவரின் பட்டப்பெயர் இவ்வாறு திரையிலும் நிலைபெற்றது. கங்கை அமரன் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கினார். அவர் இயக்கிய கரகாட்டக்காரன் (1989) பெருவெற்றி பெற்றது.

பொதுவுடைமை மேடையில் வளர்ந்த இவர்களின் பிற்கால அரசியல் வேறு திசையில் சென்றது. கங்கை அமரன் 2017 இல் சென்னை ஆர். கே. நகர் இடைத்தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி வேட்பாளராக நிறுத்தப்பட்டார். அத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முன் இரத்து செய்யப்பட்டது. இளையராஜா 2022 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2018 இல் பத்ம விபூசண் விருது பெற்ற இவரது முழு சிம்பொனியான வேலியன்ட், 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறியது.