லண்டனில் சிக்கனப் பிரயாணம்

ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரும் அந்நாட்டின் மிகப் பெரிய நகரமுமாகிய லண்டன், தங்கும் அறையின் வாடகையைக் கேட்ட மாத்திரத்தில் பிரயாணியின் நெஞ்சைத் துணுக்குறச் செய்வது. எனினும், மக்கள் கடல் கடந்து வந்து காண விழையும் கலைச்செல்வங்களில் பெரும் பகுதியைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருப்பதும் அந்நகரமே. ஆகவே இங்கே சிக்கனம் என்பது காட்சிகளைக் குறைத்துக்கொள்வதன்று. உறைவிடம், ஊர்தி, உணவு ஆகிய மூன்றில் விவேகத்துடன் நடந்துகொள்வதேயாம்.

இதற்கு இந்தியர் அறிந்த சிறந்த திருஷ்டாந்தம் காந்தியடிகளின் மாணவப் பருவம். 1888 முதல் 1891 வரை அங்கே சட்டம் பயின்ற அவர், தொடக்கத்தில் நாகரிக உடைக்கும் நடனப் பயிற்சிக்கும் பணத்தை இறைத்தவராயினும், பின்னர் தாம் செல்ல வேண்டிய இடத்திலிருந்து அரை மணியில் நடந்தெட்டும் தொலைவில் அறை பார்த்து, நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்து, வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தினார்; அந்நடையே தம்மை நோய் அணுகாமல் காத்தது என்பது அவர் கருத்து. இறுதியில் ஒற்றை அறைக்கு மாறி, அடுப்பு ஒன்று வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டு, உணவுச் செலவை நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் அடக்கினார். இவ்வனுபவத்தைப் பிறருக்குப் பயன்படுமாறு 'லண்டன் வழிகாட்டி' என்ற பெயரில் அவர் எழுதி வைத்த கைப்பிரதி அவர் காலத்தில் அச்சேறவில்லை.

உறைவிடத்தைப் பொறுத்தவரை, சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1920இல் இந்திய மாணவர்களுக்கென நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. விடுதி தமிழர் நினைவில் வைக்கத்தக்கது. ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் 1950களில் எழுந்த கட்டடத்தில் இன்றும் இயங்கும் அவ்விடுதியில் பருப்பும் சோறும் கறியும் கிடைப்பது, வெளியூர்க் குளிரில் நடந்து களைத்தவனுக்குச் சாதாரண சகாயமன்று. கோடை விடுமுறையில் கல்லூரி விடுதிகள் சில வெளியாருக்கும் அறை தருவதுண்டு.

ஊர்திகளில் பஸ்ஸே மலிவானது. 2014 முதல் அதில் ரொக்கம் வாங்குவதில்லை. அட்டையைக் காட்டியே ஏற வேண்டும். முதல் வண்டியில் ஏறிய ஒரு மணி நேரத்திற்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணந்தான். 2025இல் அது 1.75 பவுன். மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன்வரிசை ஆசனம் கிடைத்தவர் வேறு சுற்றுலா வண்டி தேடவேண்டியதில்லை. சுரங்க ரயிலுக்குச் செலவு அதிகம். மத்திய லண்டனில் அதன் நிலையங்களோ மிக நெருக்கமானவை. லெஸ்டர் சதுக்கத்திற்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. இதை அறியாத புதியவர்கள் முழுக் கட்டணம் செலுத்திப் படியிறங்கிப் படியேறுகின்றனர்.

1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தோன்றி 1759இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிகளுக்கு இன்றும் கட்டணமில்லை. இடைக்காலத்தில் கட்டணம் விதித்த தேசியக் காட்சிசாலைகளும் 2001 டிசம்பரில் அதைக் கைவிட்டன. சென்னை அரசாங்க அதிகாரியான வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்குக் கொணர, பின்னர் லண்டனுக்குக் கப்பலேற்றப்பட்ட, ஆந்திரத்து அமராவதி பௌத்த ஸ்தூபத்தின் சிற்பங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. அவற்றுள் ஒரு பலகை இருபுறமும் செதுக்கப்பெற்றது: ஒரு புறம் போதி மரத்தடியில் வெற்றாசனம், புத்தரின் உருவம் இல்லை, பிற்காலத்தவர் அதே கல்லைத் திருப்பி மறுபுறத்தில் ஸ்தூபம் ஒன்றைச் செதுக்கியிருக்கின்றனர். நம் தேசத்துக் கல்லை அந்நிய மண்ணில் காணும் வருத்தம் தீராததே. என்றாலும் கையில் காசில்லாத மாணவனும் அதன் முன் அரை நாள் நிற்கலாம் என்பது உண்மை.

உணவுக்கு ஈஸ்ட்ஹாம், டூட்டிங் ஆகிய பகுதிகளில் தமிழர் கடைகள் மலிந்துள்ளன. இடியாப்பமும் சம்பலும் கொத்துரொட்டியும், நகரின் நடுவில் விற்கும் விலையைவிட வெகு குறைவாக, வயிறு நிறையக் கிடைக்கும்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கடுமையானது. மாலை வழிபாட்டிற்கு வருவோரிடம் அது வாங்கப்படுவதில்லை. அவ்வேளையில் அமைதியாக உள்ளே சென்று அமர்பவர், அந்தக் கல் விதானத்தின் கீழ் பாடற்குழுவினர் பாடுவதையும் கேட்டுவிட்டு வெளிவரலாம்.