பின்மூடியைத் தேய்க்காதீர்கள்

வடசென்னை மூலக்கொத்தளத்தில் என் தாத்தா தலைமுறைக்கு நேரம் காதில்தான் விழுந்தது. பெரம்பூர் பக்கம் ஆலைச் சங்கு ஊதினால் எழுந்தார்கள், மறுபடி ஊதினால் ஓடினார்கள். கையில் வாட்ச் கட்டியவர் மேஸ்திரியாகவோ குமாஸ்தாவாகவோ இருப்பார்.

ஆனால் நேரத்தைக் கணிப்பதில் மெட்ராஸ் முன்னோடி ஊர். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடம் கணித்த ‘மெட்ராஸ் டைம்’ கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. எங்கள் பக்கத்து ராயபுரத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. பிறகு நாட்டின் ரயில்களே மெட்ராஸ் நேரப்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொதுநேரம் வந்தபோது ஊர்க் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே நகர்ந்தன.

அந்த நேரம் தொழிலாளிக்குச் சொந்தமாக இருக்கவில்லை. 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி பஞ்சாலைத் தொழிலாளர்கள் பி.பி.வாடியா தலைமையில் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. ஆலைக் கடிகாரம் காட்டியதே நேரம். சரிபார்க்கத் தொழிலாளி கையில் வேறொன்று கிடையாது.

மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் கடையில் சுவிஸ் வாட்ச் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் தெருவுக்கு அது கல்யாணச் சீராக வரும். கை முடையானால் சேட்டுக் கடைக்கு அடகு போகும்.

இதை மாற்றியது அரசு நிறுவனமான எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் ஆலை தொடங்கியது. ‘ஜனதா’ என்ற சாவி வாட்ச், பெயருக்கேற்றபடி ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது. துறைமுகத்தில் ஷிப்டுக்குப் போன என் அப்பா, வானொலியில் காலை 7.15 டெல்லிச் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிபார்த்துச் சாவி கொடுப்பார். மேற்பார்வையாளர் நேரம் சொன்னால் தன் மணிக்கட்டையும் ஒரு முறை பார்ப்பார். அந்தப் பார்வையின் மதிப்பு நான் பெரியவன் ஆன பிறகே எனக்கு விளங்கியது.

பிறகு பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகப் பீச் லைனில் பர்மா பஜார் எழுந்தது. சீக்கோவும் சிட்டிசனும் அங்கே கிடைத்தன. 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தபின் சாவி கொடுக்கும் பழக்கமே குறைந்தது. 2016இல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்குப் பின் பழைய ஜனதாவையும் அதே நிறுவனத்தின் பைலட்டையும் தேடி வாங்குகிறவர்கள் பெருகினார்கள். நானும் சேர்க்கிறேன்.

என்னிடம் உள்ள ஒரு ஜனதாவின் பின்மூடியில் ஒரு தொழிலாளியின் பெயரும், 25 ஆண்டுப் பணி என்ற வரியும், 1974 என்ற ஆண்டும் கையால் வெட்டப்பட்டிருக்கின்றன. பெயரின் கடைசி எழுத்தில் உளி கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே 17 கல் வைத்த மிஷின், விநாடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள்: சர்வீஸ் செய்த தேதி, செய்தவரின் அடையாளம். ஒருவர் குறித்ததற்குக் கீழே இன்னொருவர் குறித்திருக்கிறார். வடசென்னை ரிப்பேர்க்காரர்களின் வருகைப் பதிவேடு இது. வேறெங்கும் எழுதப்படாத பதிவேடு.

இன்று சந்தைக்கு வரும் வாட்சுகளில் பல, டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, பின்மூடியைப் பாலிஷ் போட்டு, புதிதுபோல் விற்கப்படுகின்றன. பெயர் வெட்டியது என்றால் விலை குறைவு என்று அதையும் தேய்த்துவிடுகிறார்கள். நிமிடக் கோடுகள் தடிப்பும் மெலிவுமாக இருந்தால், எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், டயல் மறுபடி அச்சடித்தது என்று சந்தேகப்படுங்கள்.

வெயிலில் பழுத்த டயலும் வேர்வையில் கறுத்த மூடியும் குறை அல்ல. இந்தத் துறைமுகத்தையும் ஆலைகளையும் நடத்திய மனிதர்களின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. சில பின்மூடிகளில் இருக்கின்றன. உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தாவின் வாட்ச் இருந்தால் நல்ல கைகாரரிடம் கொடுத்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். பாலிஷ் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.