மக்காச்சோளக் கதிருக்கு வேண்டுமென்றே பூஞ்சை ஊசி போடும் விஞ்ஞானிகள்... ஏன் தெரியுமா?

கென்யாவின் கிழக்குப் பகுதியில் 2004-ல் மக்காச்சோளம் சாப்பிட்ட 317 பேர் நோயில் விழுந்தனர். அவர்களில் 125 பேர் உயிரிழந்தனர். காரணம், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. கதிரில் வளரும் 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்' என்ற பூஞ்சை இதை உண்டாக்குகிறது. களி கிண்டினாலும் ரொட்டி சுட்டாலும் இது முழுசாகப் போகாது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதனால்தான்.

சரி, பூஞ்சையைத் தாங்கும் ரகத்தை விதைத்துவிட்டால் போதுமே? அந்த ரகத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கலே.

ஊசி எதற்கு?

வெயிலும் வறட்சியும் சேர்ந்த ஆண்டில் இந்தப் பூஞ்சை தலைவிரித்தாடும். அடுத்த ஆண்டே காணாமல் போகும். அதனால் ஒரு ரகத்தில் நஞ்சு இல்லை என்றால், அது அந்த ரகத்தின் பலமா, அந்த ஆண்டின் அதிர்ஷ்டமா என்று சொல்ல முடியாது. எனவே விஞ்ஞானிகளே நோயை உண்டாக்குகிறார்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் அந்நாட்டு வேளாண் துறை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முறை இது: கதிரில் பட்டு இழைகள் வெளிவந்து 7 நாள் ஆனதும், உறைக்கு மேலேயே பக்கவாட்டில் ஊசியைக் குத்தி 3.4 மில்லி கரைசலைச் செலுத்துவார்கள். அதில் சுமார் 30 கோடி பூஞ்சை வித்துகள் இருக்கும். சுமார் 2 மாதம் கழித்து கதிரை ஒடித்து, காயவைத்து, மணிகளை உதிர்த்து, ஒன்றாகக் கலந்து அரைத்து நஞ்சை அளப்பார்கள்.

கண்ணால் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. பூஞ்சை படர்ந்த கதிரில் நஞ்சு குறைவாக இருக்கலாம்; பளிச்சென்ற கதிரில் அதிகமாக இருக்கலாம். அளவும் மிக நுட்பமானது. அமெரிக்காவில் மனித உணவுக்கான உச்சவரம்பு 100 கோடியில் 20 பங்கு, அதாவது 1,000 டன்னுக்கு 20 கிராம்! அந்த நஞ்சும் சில மணிகளிலேயே குவிந்திருக்கும். அதனால் ஒரே ரகத்தைப் பல பாத்திகளில், பல ஆண்டுகள் சோதிக்க வேண்டும். எளிதில் நோய் பிடிக்கும் ரகம் ஒன்றையும் பக்கத்திலேயே நடுவார்கள். அதிலும் நஞ்சு ஏறவில்லை என்றால் அந்த ஆண்டின் உழைப்பு வீண்.

ஊசி முறைக்கும் ஒரு குறை உண்டு. இறுக்கமான உறையால் தப்பிக்கும் ரகத்தின் பலம் இதில் தெரியாது. ஊசிதான் உறையைத் தாண்டிவிடுகிறதே. அதற்காக, காயப்படுத்தாமல் பூஞ்சையைப் பரப்பும் முறைகளும் உள்ளன.

இதுவரை கிடைத்தது என்ன?

1990-ல் 'எம்பி313இ' ரகம் வெளியிடப்பட்டது. பிறகு 'எம்பி715', 'எம்பி717' வந்தன. இவற்றில் நஞ்சு வெகுவாகக் குறைகிறது, ஆனால் அடியோடு இல்லாமல் போவதில்லை. விவசாயி இவற்றை நேரடியாக விதைக்கவும் முடியாது. உதாரணமாக எம்பி313இ உயரமாக வளர்கிறது, தாமதமாகப் பூக்கிறது. ஆகவே நல்ல மகசூல் தரும் ரகங்களோடு கலப்பு செய்கிறார்கள். எதிர்ப்புத் திறன் ஒரே மரபணுவில் இல்லை. பல மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு கலப்பிலும் அதில் கொஞ்சம் நழுவிவிடலாம். அதனால் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு ரகத்துக்கும் மறுபடியும் அதே ஊசி, அதே காத்திருப்பு.