மறுப்பா, நிராகரிப்பா? ஒரு வாக்குச்சாவடிப் பாடம்



மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "சார், ரிஜெக்ட் என்பதற்குச் சரியான தமிழ் எது? மறுப்பா, நிராகரிப்பா, புறக்கணிப்பா, தள்ளுபடியா?" இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி பழைய நினைவு ஒன்றைக் கிளறிவிட்டது. நான் வரலாற்று வாத்தியார்தானே, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்கள். ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் 'திருப்பி எறிதல்' என்று பொருள். நம் 'தள்ளுபடி'யும் கிட்டத்தட்ட அந்தக் குடும்பம்தான். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆனால் அழுகிறோம், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தள்ளுபடி ஆனால் சிரிக்கிறோம், ஆடித் தள்ளுபடிக்கு வரிசையில் நிற்கிறோம். 'புறக்கணிப்பு' என்பதில் 'புறம்' இருக்கிறது. புறம் என்றால் முதுகு என்றும் பொருள். 1928ல் சைமன் கமிஷனுக்கு நம் தேசம் செய்தது அதுதான், வராதே என்று முதுகைக் காட்டியது. 'மறுப்பு' என்றால் ஒரு செயலைச் செய்ய மாட்டேன் என்பது. 'நிராகரிப்பு' வடமொழியிலிருந்து வந்தது. எடுத்துப் பார்த்து, இது வேண்டாம் என்று விலக்கி வைப்பது.

எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, 2011 சட்டமன்றத் தேர்தல் நாள் வரை.

அன்று ஒரு கிராமத்து வாக்குச்சாவடியில் நான் தலைமை அலுவலர். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். விரலில் மை வைத்து, 17-ஏ பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு, "சார், எனக்கு 49-ஓ வேணும்" என்றார். கையில் நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்று ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகு ஒருவர் வாக்களிக்க விரும்பவில்லை என்றால், பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அதைக் குறித்து, மறுபடி அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். நாங்கள் எழுதும் குறிப்பு 'வாக்களிக்க மறுத்தார்' என்பதுதான்.

இங்கேதான் சிக்கல். அந்த அம்மா வாக்களிக்க மறுக்கவில்லை. மறுப்பவர் வெயிலில் நடந்து வருவாரா? நிற்பவர்கள் எல்லோரையும் யோசித்துப் பார்த்து, ஒருவரும் வேண்டாம் என்று விலக்கினார். அவர் செய்தது நிராகரிப்பு. எங்கள் பதிவேட்டில் இருந்த இடமோ மறுப்புக்கு மட்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 49-ஓ என்ற சொல்லைக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த கட்சி முகவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் தன் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது ரகசியம். யாருக்கும் போடவில்லை என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஏம்மா வம்பு, ஏதாவது ஒண்ணை அமுக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பேசாமல் உள்ளே போனார். பீப் சத்தம் கேட்டது. வெளியே போகும்போது அந்தக் கத்தரித்த தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் நன்மைக்காகச் சொன்னேன் என்று அன்று இரவு மனத்தைத் தேற்றிக்கொண்டேன். உண்மையில் என் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

நம் மக்கள் இந்த 'வேண்டாம்' என்பதைச் சொல்ல எத்தனையோ வழி தேடியிருக்கிறார்கள். வாக்குச்சீட்டுக் காலத்தில் சீட்டில் கிறுக்கிச் செல்லாத வாக்காக்கினார்கள். 1996ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் தங்கள் கோரிக்கைகளைக் கண்டுகொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப்போட, 1,033 பேர் வேட்பாளர்கள் ஆனார்கள். வாக்குச்சீட்டு புத்தகம் போல ஆனது, தேர்தலே தள்ளிப்போனது. விளைவு? அந்த ஆண்டே சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

49-ஓவின் ரகசியக் குறைபாட்டை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004ல் உச்ச நீதிமன்றம் போனது. 27-9-2013 அன்று தீர்ப்பு வந்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி ப.சதாசிவம், அதே ஈரோடு மாவட்டத்துக்காரர். யாருக்கும் வாக்களிக்காத உரிமையும் கருத்துரிமைதான், அதற்கும் ரகசியம் வேண்டும், இயந்திரத்தில் தனிப் பொத்தான் வையுங்கள் என்றது தீர்ப்பு. அப்படி வந்ததுதான் 'நோட்டா'. அந்த டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலிலேயே அது இருந்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி நம் நீலகிரி, 46 ஆயிரத்துக்கும் மேல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நோட்டாவுக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி பெறுவார். 2024ல் இந்தூரில் 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல் நோட்டா விழுந்தும் முடிவு மாறவில்லை. ஆக, சொல்ல உரிமை வந்திருக்கிறது, விலக்கும் வலிமை வரவில்லை. இதை 'நிராகரிக்கும் உரிமை' என்று பத்திரிகைகள் எழுதும்போது, பாதிதான் சரி என்று தோன்றும்.

மாணவிக்கு என் பதில் இதுதான். செய்ய மாட்டேன் என்றால் மறுப்பு. முதுகைத் திருப்பினால் புறக்கணிப்பு. மேலிடம் மனுவை ஒதுக்கினால் தள்ளுபடி. பார்த்து, எடைபோட்டு, வேண்டாம் என்றால் நிராகரிப்பு. சொல் மாறினால் ஆளின் செயலே மாறிப்போகும் அம்மா, பார்த்துப் போடு.

நோட்டா வந்த பிறகு ஓட்டுப் போடப் போகும்போதெல்லாம் அந்தக் கடைசிப் பொத்தானைப் பார்க்கிறேன். நான் அதை அமுக்கியதில்லை. ஆனால் அந்த அம்மா இப்போது யாரிடமும் கேட்காமல், யாரும் பட்டியலில் குறிக்காமல், அதை அமுக்கலாம். என்னைப் போல் ஒரு வாத்தியார் குறுக்கே நின்று புத்தி சொல்ல முடியாது. அதுவே பெரிய நிம்மதி.

தேர்தல் வேலை பார்த்த சக ஆசிரியர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.