ஒரு நோய், இரு பெயர்கள்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியில், கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் ஒரு கோபுரம் நிற்கிறது. அவ்வீதியைச் சமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832-இல் எழுப்பப்பட்டது அது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் மலையை வெட்டியவர்களுக்குக் கோபுரமில்லை.

அவ்வீதி வழியே கோப்பி இறங்கிற்று, சாராயம் ஏறிற்று. சாராயம் விற்கும் உரிமையைக் குடியேற்ற அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் செல்வரானார், கருவூலம் நிரம்பிற்று, தோட்டங்களை அடுத்துத் தவறணைகள் முளைத்தன. பகலெல்லாம் உழைத்து இரவில் குடித்த தொழிலாளிக்கோ ‘குடிகாரன்’ என்ற பட்டமே எஞ்சியது.

இதே நோய் வைத்தியரைப் பற்றியபோது என்ன நிகழ்ந்தது? அதையும் நாம் வரலாற்றிடமே கேட்போம்.

1884-இல் நியூயோர்க் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், கொக்கெயினை ஊசியால் ஏற்றி நரம்புகளை மரக்கச் செய்யும் முறையை ஆராய்ந்தார். சோதனைக்கு அவரும் தோழர்களும் தம் உடல்களையே தந்தனர்; அடிமையாயினர். சிகிச்சை பெறச் சென்றவரை மார்பியா வந்து பற்றிக்கொண்டது. ஆயினும் 1890-இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமைச் சத்திரசிகிச்சையாளரான அவர், 1922-இல் மறையும்வரை புகழோடு வாழ்ந்தார். சக மருத்துவர் ஒஸ்லர் முத்திரையிட்டு வைத்த குறிப்பு 1969-இல் வெளிவந்த பின்னரே உண்மை உலகறிந்தது. மதிப்பு அவரைக் காத்தது, நோயிலிருந்து மீட்கவில்லை.

மீட்சியின் வழியைத் திறந்தவர் மற்றொரு வைத்தியர். அமெரிக்காவின் அக்ரன் நகரச் சத்திரசிகிச்சையாளர் ரொபேட் ஸ்மித், 1935 ஜூன் 10 அன்று, கை நடுக்கத்தை அடக்க ஒரு போத்தல் பியர் அருந்திவிட்டுச் சிகிச்சைக்குச் சென்றார். அதுவே அவர் கடைசியாய் அருந்திய மது. அந்த நாளே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சங்கத்தின் பிறந்தநாளாயிற்று. அவரை மாற்றியது மருந்தன்று. தம்மைப் போலவே குடித்து வீழ்ந்து எழுந்த பங்குத் தரகர் பில் வில்சனின் தோழமை. வைத்தியர் என்ற பீடத்திலிருந்து இறங்கிச் சக நோயாளியின் அருகே அமர்ந்தபோதுதான் அவர் எழுந்தார். 1950-இல் மறையும்வரை ஆயிரக்கணக்கான குடிநோயாளருக்கு ஊதியமின்றிச் சிகிச்சை செய்தார்.

பின்னர் அமெரிக்க மாநிலங்களில் மருத்துவர்களுக்கெனத் தனித் திட்டங்கள் தோன்றின. அவற்றில் சேர்ந்த 904 மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. ஐந்தாண்டின் பின் நிலை தெரிந்த 802 பேரில் 631 பேர் உரிமத்தோடு தொழிலில் இருந்தனர். இவர்கள் மற்றவரிலும் மனவுறுதி மிக்கவர்களோ? அவ்வாறு நாம் கருதவில்லை. முறையான சிகிச்சை, ஆண்டுக்கணக்கில் சிறுநீர்ச் சோதனை, தோழர் கூட்டம் ஆகியவை அவர்களுக்கு இருந்தன. தவறினால் உரிமம் போகும் என்ற கட்டுப்பாடும் இருந்தது; தேறினால் தொழில் காத்திருந்தது.

நம் நாட்டில் ஏழைக்குக் காத்திருப்பது எது? 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோரை நீதிமன்ற ஆணையால் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வழிசெய்தது. 2022 ஜூனில் கந்தக்காடு புனர்வாழ்வு முகாமில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். குணமாக்கும் இடத்திலிருந்து நோயாளி ஏன் ஓடுகிறான் என்று நாம் கேட்க வேண்டாமா?

வைத்தியருக்குப் ‘பிணி’, தொழிலாளிக்குப் ‘பழி’ என்று ஒரே நோய்க்கு இரு பெயர் சூட்டியது வர்க்கச் சமுதாயம். அப்பழிக்கு அஞ்சியே வைத்தியரும் தாதியும் தம் நோயை மறைக்கின்றனர். மறைப்பதால் நோய் முற்றுகிறது. ஆகவே பழி நீங்கினால் இருவரும் பிழைப்பர். ஐந்தாண்டுத் துணையும், மீண்டு வரும்வரை காக்கப்படும் வேலையும் வைத்தியரை மீட்குமாயின், கடுகண்ணாவை மலைச்சரிவின் தொழிலாளியையும் அவை மீட்கும். அவற்றைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே நாம் கேட்கிறோம்.